சொன்னதைச் சொன்னபடி

அந்த வீட்டில் ஒருவர் இன்னொருவரைக் கூப்பிட வேண்டுமென்றால் தரையை மிதிப்பார்கள். பலகை போட்ட மாடித் தளம் அது. சமையலறையிலிருந்து அம்மா ஒரு தடவை மிதித்தால் அப்பாவுக்கு. இரண்டு தடவை மிதித்தால் மகளுக்கு. கீழே சைக்கிள் கடை வைத்திருந்தவர் தலைக்கு மேலே சத்தம் கேட்டதும், "மேல சாப்பாடு ஆயிடுச்சு போல. வாங்க, நாமளும் கை கழுவுவோம்" என்பார். அவ்வளவு பழகிப்போயிருந்தது.

அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பிறவியிலேயே காது கேட்காது. வாயால் பேசியதும் இல்லை. மகளுக்கு இரண்டும் உண்டு. மூன்று பேருக்கான பேச்சையும் அவள் ஒருத்தியே பேசியதால் தெருவில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். "ரேடியோ, உங்கப்பாகிட்ட என் ஜன்னல் கம்பி என்னாச்சுன்னு கேளு" என்பார்கள். அவள் போகிறபோக்கில் கையால் கேட்டு, போகிறபோக்கில் வாயால் பதில் சொல்லிவிட்டுப் போவாள்.

அப்பா இரும்பு கேட் செய்யும் பட்டறையில் வெல்டர். மற்றவர்கள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வேலை செய்யும் இடத்தில் அவருக்கு மட்டும் பஞ்சு தேவையில்லை. பற்றவைத்த இடத்தில் கையை வைத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினால் அந்த கேட்டை வண்டியில் ஏற்றிவிடலாம். அம்மா வீட்டில் இருந்தபடி சட்டைக் காலர் தைத்துக் கொடுத்தாள். தையல் மிஷின் பக்கத்தில் வெட்டிய காலர்கள் வெள்ளை வெள்ளையாகக் குவிந்து கிடக்கும். துணி நூல் அவள் புருவத்திலும் ஒட்டியிருக்கும்.

அந்த வீட்டில் யாருக்கும் வாயால் சொல்லும் பெயர் கிடையாது. பார்த்ததும் எது கண்ணில் படுகிறதோ அதுதான் பெயர். கன்னத்தில் விரலை வைத்து ஒரு திருகு திருகினால் மகள். அவளுக்கு அங்கே குழி விழும். தலையை வழித்துவிட்டால் பட்டறை முதலாளி. சைக்கிள் கடைக்காரருக்குத் தொப்பை. அவருக்கு அது தெரியும். "இன்னிக்கு தொப்பையைப் பத்தி என்ன பேச்சு?" என்று அவரே கேட்பார்.

அந்தக் கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்தபோது மழைக்காலம் ஆரம்பித்திருந்தது. மழை முடிவதற்குள் காலி செய்துவிட வேண்டும். சைக்கிள் கடைக்காரர் தன் மச்சான் வீட்டுப் பக்கம் இடம் பார்த்துக்கொண்டார். இவர்கள் மூவரும் பட்டறை விடுமுறை நாட்களில் ஒரே குடையில் வீடு பார்க்கக் கிளம்பினார்கள்.

போன இடங்களில் எல்லாம் போனில் இருந்த மரியாதை நேரில் இல்லை. போனில் பேசுவது ரேடியோ. நேரில் வருவது மூன்று பேர். அப்பாவின் கை அசைய ஆரம்பித்ததும் வீட்டுக்காரர்களின் முகம் மாறும். ஒருவர், "தண்ணி வசதி போதாது, உங்களுக்கு ஒத்துவராது" என்றார். ஒரு அம்மாள் கதவைப் பாதி திறந்தபடியே, "இதுமாதிரி ஆளுங்களுக்கு விடறதில்லம்மா" என்று சொல்லிச் சாத்திவிட்டாள்.

"என்ன சொன்னாங்க?" என்று அப்பா கேட்பார்.

"அவங்க தங்கச்சி வர்றாளாம். இல்லன்னா நமக்குத்தானாம்" என்பாள் ரேடியோ, கையால்.

இப்படிச் சொல்வது அவளுக்குப் புதிதல்ல. முதல் பொய் எதுவென்று அவளுக்கே நினைவில்லை. ரொட்டிக்கடையில் எதையாவது எவனாவது சொல்லியிருப்பான். அதை அப்பாவிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் அந்தச் சின்ன வயதில், "ரொட்டி சூடா இருக்குன்னு சொல்றார்" என்று சொல்லியிருப்பாள். பிறகு அது கைப்பழக்கமாகிவிட்டது. அவள் கையில் பட்டால் கெட்ட வார்த்தை நல்ல வார்த்தையாகிவிடும்.

அப்பா பட்டறைக்குப் போகும் வழியில் பச்சை கேட் போட்ட ஒரு வீடு காலியாக இருந்தது. அதைப் பார்க்கப் போன அன்றைக்கு மழை விட்டிருந்தது. வீட்டுக்காரர் பக்கத்திலேயே பெரிய வீட்டில் இருந்தார். மூக்குக்கண்ணாடி, சிரித்த முகம். எதைச் சொன்னாலும் சிரித்துக்கொண்டே சொல்லும் வாய். சாவியைக் கொடுத்து, "போய்ப் பாருங்க, வரேன்" என்றார்.

அம்மா நேராகச் சமையலறைக்குப் போனாள். அடுப்பு மேடைக்கும் கூடத்துக்கும் நடுவில் சுவர் பாதிதான் இருந்தது. அடுப்பின் முன் போய் நின்று பார்த்தாள். கூடம் தெரிந்தது. கூடத்தைத் தாண்டி வாசல் கதவு தெரிந்தது. கதவின் மேல்பாதியில் இருந்த கண்ணாடியில் யாரோ தெருவில் மடக்கிய குடையோடு போனது தெரிந்தது. அம்மா அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

"என்ன?" என்றார் அப்பா.

"இங்க நின்னா வாசல் தெரியுது" என்றாள். "வர்றவங்க தெரியறாங்க. நீங்க வர்றதும் தெரியும். இத்தனை வருஷம் நீங்க வந்து தோளைத் தொடறப்பல்லாம் பதறிக்கிட்டே இருந்தேன்."

"என் கையா பதற வெச்சுது?"

"எண்ணெயக் காய வெச்சுட்டு நிக்கறப்ப ராஜா கையே பட்டாலும் பதறத்தான் பதறும்."

அப்பா சத்தம் வராமல் சிரித்தார். போய் வாசல் கதவைத் திறந்து வெளியே போய், மறுபடி உள்ளே வந்து காட்டினார். அம்மா அடுப்படியிலிருந்து கையாட்டினாள். அவர் இன்னொரு தடவை போய் வந்தார். அவள் இன்னொரு தடவை கையாட்டினாள். கல்யாணமாகாத பெண்ணைப் பார்ப்பதுபோல ரேடியோ அம்மாவைப் பார்த்தாள்.

அப்போதுதான் மூக்குக்கண்ணாடிக்காரர் உள்ளே வந்தார். அவர்கள் கையாட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தார்.

"என்னம்மா இது? ரெண்டு பேருமா?"

"ஆமா சார். காது கேக்காது. எதுவா இருந்தாலும் எங்கிட்ட சொல்லுங்க, நான் சொல்லிடுவேன்."

"போன்ல நீ சொல்லலியே?"

"கேக்கலியே சார் நீங்க."

"இதையெல்லாமா கேப்பாங்க? மனுஷங்கன்னா காது இருக்கும்னுதானே நினைப்போம்" என்று அவர் சிரித்தார். "இல்லம்மா. இது சரிப்படாது. நடுராத்திரி கேஸ் கசிஞ்சா யாரு கதவைத் தட்டி எழுப்பறது? தட்டினாலும் கேக்குமா? நீ ஒருத்தி இருக்க, சரி. நாளைக்கு நீ கல்யாணமாகிப் போயிடுவ. அப்புறம் இந்த ரெண்டு ஊமையையும் வெச்சுக்கிட்டு நான் குப்பை கொட்டணுமா?"

"சார், அப்படிச் சொல்லாதீங்க."

"வேற எப்படிச் சொல்றது? உள்ளதைத்தானே சொல்றேன். இன்னொண்ணும் இருக்கு. என் மருமக மாசமா இருக்கா. காலையில கதவைத் திறந்தா அவ இந்த மூஞ்சிங்களையா பாக்கணும்? வயித்துல இருக்கறதும் இப்படியே வந்து பொறந்துச்சுன்னா? நான் கெட்டவன் இல்லம்மா. ஆனா என் வீட்டுல வேணாம்."

இவ்வளவையும் அவர் சிரித்த முகத்தோடு, கையை விரித்து விரித்து, நிறுத்தி நிதானமாகச் சொன்னார். அப்பாவும் அம்மாவும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு மகளைப் பார்த்தார்கள்.

அவர் நீளமாகப் பேசிவிட்டார். அதனால் அவளும் நீளமாகச் சொல்ல வேண்டியிருந்தது.

"நேத்துதான் ஒருத்தர் முன்பணம் குடுத்துட்டாராம்" என்று ஆரம்பித்தாள். அது போதவில்லை. அவர் வயிற்றைக் காட்டிப் பேசியதை அம்மா பார்த்திருந்தாள். "மருமக மாசமா இருக்காளாம். அம்மா மாதிரி ஒருத்தங்க பக்கத்துல துணைக்கு இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்னு சொல்றார். நீங்க ஒரு நாள் முன்னாடி வந்திருக்கக் கூடாதான்னு வருத்தப்படறார். இந்த மாதிரி நல்ல ஜனங்களை விட்டுட்டமேன்னு…" கை தானாக ஓடியது.

அம்மாவின் கண் கலங்கிவிட்டது. அப்பா முன்னால் போய் மூக்குக்கண்ணாடிக்காரரின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவர் கையை உருவிக்கொண்டு ரேடியோவைப் பார்த்தார்.

"நீ சொன்னியா இல்லியா?"

"சொல்லிட்டேன் சார்" என்றாள்.

ரேடியோ மருந்துக்கடையில் வேலை செய்தாள். அங்கே பில் போடும் அக்காவுக்கு மேலுதட்டில் மச்சம். அதனால் ரேடியோ வீட்டுக் கைப்பேச்சில் அவள் மச்சக்காரி. புருஷனுக்கு வேலை மாற்றலாகி ஊருக்குப் புதிதாக வந்தவள்; அவளும் வீடு தேடிக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் காலை கடை திறந்ததும் மச்சக்காரி கைப்பையை வைக்காமலே வந்தாள்.

"ஏய் ரேடியோ, நேத்து ஒரு வீடு பாத்தேன்டி. பச்சை கேட்டு. அடுப்படியிலேருந்து வாசல் தெரியுது."

ரேடியோ மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தாள். எண்ணிக்கை விட்டுப்போயிற்று. "அந்த வீடா?"

"காலியாத்தான் கிடக்கு. எப்ப வேணா வாங்கன்னு அந்தாளு சொன்னாரு. அது இருக்கட்டும். உங்கப்பா அம்மாவை அங்க பாத்தேனே."

"எங்க?"

"அந்த வாசல்லதான். உங்கப்பா தரையில உக்காந்து கேட்டோட கீலைப் பிரிச்சு வெச்சிருந்தாரு. கேட்டு தரையில இழுபடுதாம். உங்கம்மா ஒரு பொட்டலத்தோட நின்னாங்க. மருமகப் பொண்ணு வெளிய வந்ததும் பிரிச்சுக் காட்டினாங்க. குட்டிக் குட்டிச் சட்டைடி, அவ்வளவு அழகு. காலர்கூட வெச்சிருந்தாங்க. பொறக்காத பிள்ளைக்கு யாராவது காலர் வெச்சுத் தைப்பாங்களா?"

"எங்கம்மா தைப்பாங்க" என்றாள் ரேடியோ.

அப்போது ஒருவர் இருமல் மருந்து கேட்டு வந்தார். அவருக்கு எடுத்துக் கொடுத்தாள். அவர் போனதும் மச்சக்காரி குரலைத் தாழ்த்தினாள்.

"அந்தாளு என்ன சொன்னாரு தெரியுமா? 'அன்னிக்கே மூஞ்சிக்கு நேரா முடியாதுன்னு சொல்லிட்டேன். என்னென்ன சொல்லணுமோ எல்லாம் சொன்னேன். இவன் என்னடான்னா போறப்ப வர்றப்ப எல்லாம் கும்பிடு போடறான். இன்னிக்கு கேட்டைச் சரி பண்ண வந்துட்டான். காது மட்டும்தான் இல்லைன்னு நினைச்சேன். உள்ளயும் ஒண்ணும் இல்ல போலருக்கு'ன்னு சொல்லிச் சிரிக்கறாரு. எனக்கு அங்க நிக்கவே பிடிக்கல. என்னடி நடந்துச்சு?"

ரேடியோ மருந்து அலமாரிப் பக்கம் திரும்பி நின்று சொன்னாள். அவர் சொன்னதைச் சொன்னாள். தான் சொன்னதையும் சொன்னாள்.

மச்சக்காரி அப்போதுதான் கைப்பையைக் கீழே வைத்தாள். பிறகு, "என் மாமா பையன் ஒருத்தன் சக்கர நாற்காலியில இருக்கான். அவனுக்கு இப்படித்தான் நடந்துச்சு" என்றாள். "இதுக்குன்னு ஒரு ஆபீஸ் இருக்குடி. போய்ச் சொல்லலாம். வாடகை கட்டுப்படியாகலியா, விடாதே. நாலு பேரு தங்கற வீட்டுல நாப்பது பேரு வந்தா, விடாதே. ஆனா குடுக்கற வாடகையைப் பாக்காம காதைப் பாத்து வீடு விடமாட்டேன்னு சொல்ல அவருக்கு உரிமை கிடையாது. எங்கிட்ட காலின்னு சொன்னாரு இல்ல? நான் வந்து சொல்றேன்."

"உனக்கு வீடு வேணாமா அக்கா?"

"அந்த வீட்டுல உக்காந்து எனக்குச் சோறு இறங்குமா? போடி."

அந்த ஆபீஸுக்கு ரேடியோ முதலில் தனியாகத்தான் போனாள். பழைய கட்டடத்தின் பின்பக்க அறை. ஜன்னலோரம் மழைத்தண்ணீர் ஒழுகும் இடத்தில் ஒரு வாளி. கொண்டை போட்ட ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். அவர் கேட்ட கேள்விகள் எல்லாம் சின்னச் சின்னதாக இருந்தன. என்ன சொன்னார்? எந்த வார்த்தை? சுருக்கிச் சொல்லாதே, அப்படியே சொல். அப்போது யார் யார் இருந்தார்கள்? அதன் பிறகு வேறு யாருக்கும் அந்த வீட்டைக் காட்டினாரா?

"பாதுகாப்புக்காகச் சொன்னேன்னு சொல்லுவார்" என்றார் கொண்டை அம்மாள். "எல்லாரும் அதைத்தான் சொல்லுவாங்க. கதவுமணி அடிச்சா எரியற விளக்கு கடையில கிடைக்குது. அதை மாட்டலாமான்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா அக்கறைன்னு சொல்லலாம். கேக்காம விரட்டினா அதுக்குப் பேரு வேற. சரி, உங்கப்பாவைக் கூப்பிட்டு, வீட்டுக்காரர் என்ன சொன்னார்னு நான் கேப்பேன். அவர் என்ன சொல்லுவார்?"

ரேடியோ நகத்தைப் பார்த்தாள். "ரொம்ப நல்லவர்னு சொல்லுவார்."

கொண்டை அம்மாள் பேனாவைக் கீழே வைத்தார்.

விஷயம் முழுவதையும் கேட்ட பிறகும் அவர் திட்டவில்லை. அதுதான் ரேடியோவுக்குக் கஷ்டமாக இருந்தது.

"வீடு தேடினது யாரும்மா?"

"அவங்கதான்."

"மறுத்தது யாருக்கு?"

"அவங்களுக்கு."

"அப்ப இந்தப் புகார் அவங்களோடது. குடுக்கறதும் குடுக்காததும் அவங்க இஷ்டம். நீ சாட்சி. அவ்வளவுதான். தங்களுக்கு என்ன நடந்துச்சுன்னே தெரியாதவங்க எப்படிம்மா புகார் குடுப்பாங்க? போய்ச் சொல்லு."

"எல்லாத்தையுமா மேடம்?"

"அவர் எல்லாத்தையும்தானே சொன்னார்?"

அன்று சாயங்காலம் அம்மா வெங்காயம் வதக்கி முட்டை உடைத்து ஊற்றியிருந்தாள். ரொட்டியைப் பிட்டுத் தொட்டுச் சாப்பிட்டார்கள். வெளியே மழை. கையில் உணவு இருக்கும்போது அவர்கள் வீட்டில் பேச்சு குறைவு. சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்துதான் கச்சேரி ஆரம்பமாகும். அப்பா கை துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து பட்டறைக் கதை ஒன்றை ஆரம்பித்தார். முதலாளி மழையில் குடை கொண்டு வராமல் கேட் தகட்டைத் தலையில் பிடித்துக்கொண்டு ஓடிய கதை. தலையை வழித்துக் காட்டி, தகட்டைப் பிடித்துக் காட்டி, ஓடியும் காட்டினார்.

அம்மா சிரித்தாள். ரேடியோ சிரிக்கவில்லை. எழுந்து தரையை ஓங்கி மிதித்தாள். இருவரும் எதிரில்தான் இருந்தார்கள். மிதிக்க வேண்டிய தேவையே இல்லை. அவளுக்கு அப்படித்தான் வந்தது.

விளக்கு முகத்தில் படும்படி நின்றாள். "அந்த வீட்டுல முன்பணம் யாரும் குடுக்கல" என்றாள். "நான் மாத்திச் சொன்னேன்."

அப்பா நெற்றியைச் சுருக்கினார். "ஏன்?"

"அவர் சொன்னதைச் சொல்ல முடியல."

"என்ன சொன்னார்?"

அவள் கை பாதியில் நின்றது. அப்பா முன்னால் குனிந்து அவள் முழங்கையைத் தட்டினார். "அப்படியே சொல்லு. அவர் எப்படிச் சொன்னாரோ அப்படியே."

சொன்னாள். கேஸ் கசிவைச் சொன்னாள். கதவு தட்டுவதைச் சொன்னாள். ஊமை என்று சொல்ல உதடுகளை இரண்டு விரலால் இறுக்கிப் பிடிக்க வேண்டும். தெருவில் யாரோ எவரோ அப்பாவைப் பார்த்து அப்படிப் பிடித்துக் காட்டியதை அவள் பார்த்திருக்கிறாள். அவள் கை ஒரு நாளும் அதைச் செய்ததில்லை. இன்று செய்தது. இரண்டு பேர் என்பதற்காக இரண்டு விரலைக் காட்டி, மறுபடி உதட்டைப் பிடித்தாள். மருமகளையும் வயிற்றையும் சொன்னாள். முகத்தைச் சொன்னாள். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார் என்பதால் சிரித்துக் காட்ட முயன்றாள். அது மட்டும் வரவில்லை.

அம்மாவின் கைதான் முதலில் அசைந்தது. "அந்தச் சட்டை?"

"என்னம்மா?"

"அந்தப் பொண்ணு வாங்கிக்கிட்டாளே. கன்னத்துல வெச்சுப் பாத்தாளே. அவளும் அப்படியா நினைச்சா?"

"அவ நினைச்சாளான்னு எனக்குத் தெரியாதும்மா. சொன்னது மாமனார்."

அம்மா தலையாட்டினாள். அவளுக்கு அது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. அப்பா அசையவில்லை. அவர் இரண்டு கையும் மடியில் கிடந்தன. மழைச் சத்தம் ரேடியோவுக்கு மட்டும் கேட்டது.

பிறகு அப்பா கேட்டார். "இதுக்கு முன்னாடி பாத்த வீடுங்க?"

"அதுவும்தான்."

"உன் பள்ளிக்கூடத்துல? அந்தப் பெரிய டீச்சர் என்னைப் பத்திப் பெருமையாச் சொன்னாங்களே?"

ரேடியோ இல்லை என்று தலையசைத்தாள்.

"எனக்கு அப்பப்ப சந்தேகம் வரும்" என்றாள் அம்மா. "உலகத்துல இருக்கறவங்க எல்லாருமே இவ்வளவு நல்லவங்களான்னு. சண்டைக்காரன் ஒருத்தன்கூடவா நம்ம பக்கம் வரமாட்டான்னு."

ரேடியோவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அப்பா சிரிக்கவில்லை. அவர் எழுந்து நின்றார். அவர் கை இப்போது பெரிதாக அசைந்தது. பட்டறையில் தூரத்தில் நிற்பவரோடு பேசும்போது அப்படித்தான் அசைக்க வேண்டும்.

"நான் அவனைக் கும்பிட்டேன். தினமும். தெருவே பாத்துச்சு. அவன் சொன்னதுக்கு நான் கோபப்பட்டிருக்கணும். எனக்குக் கோபப்படத் தெரியாதா? அது என் கோபம். என்னைக் கேக்காம நீ எடுத்து ஒளிச்சு வெச்சுட்ட."

"உங்களுக்கு வலிக்கக் கூடாதுன்னுதாம்ப்பா."

"எனக்கு வலிக்கணும்" என்றார். "என்னைப் பத்திச் சொன்னது. எனக்குத்தான் வலிக்கணும்."

அவர் போய் ஜன்னல் பக்கம் நின்றார். முதுகைக் காட்டி நிற்பவரோடு அந்த வீட்டில் பேச முடியாது. அவர் திரும்புகிற வரை காத்திருக்கத்தான் வேண்டும். அம்மா குவிந்து கிடந்த காலர்களைச் சும்மாவே அடுக்கினாள். ரேடியோ நின்றுகொண்டே இருந்தாள்.

திரும்பியபோது அவர் முகம் ஈரமாக இருந்தது. அருகில் வந்து மகள் கன்னத்தில் விரலை வைத்துத் திருகினார். அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார் என்று அர்த்தம்.

"அந்த ஆபீஸ் எங்க இருக்கு?" என்று கேட்டார்.

புகார் கொடுத்ததும், பேசி முடிக்கும் வரை அந்த வீட்டை யாருக்கும் விடக்கூடாது என்று மூக்குக்கண்ணாடிக்காரருக்குச் சொல்லியனுப்பினார்கள். இரு தரப்பையும் கூப்பிட்ட நாளில் கறுப்புச் சட்டை போட்ட ஒருவர் வந்திருந்தார். காது கேட்காதவர்களுக்காகப் பேச ஆபீஸே வரவழைத்த ஆள். அவர் நேராக அப்பாவிடம் போய்க் கையால் பேசினார்.

"இங்க பேசற எல்லாத்தையும் சொல்லுவேன். நல்லதையும் சொல்லுவேன், கெட்டதையும் சொல்லுவேன். யாராவது இருமினாலும் சொல்லுவேன்."

அம்மாவுக்கு அவரை உடனே பிடித்துவிட்டது. சட்டையைத் தடவிக் காட்டி, அதுதான் உங்கள் பெயர் என்று சொன்னாள்.

ரேடியோவுக்கு அப்பாவுக்குப் பக்கத்தில் அல்ல, அம்மாவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். மச்சக்காரி முதலில் பேசினாள். தனக்கு வீட்டைக் காட்டியதையும், கேட்டருகே நடந்ததையும் சொன்னாள். பிறகு மூக்குக்கண்ணாடிக்காரர். அவர் வாயைத் திறந்ததுமே ரேடியோவின் கை மேலே எழுந்தது. அம்மா அதைப் பிடித்து மடியில் இறக்கினாள். மறுபடி எழுந்தது. அம்மா மறுபடி இறக்கி, இந்தத் தடவை விடாமல் பிடித்துக்கொண்டாள். ஊசி குத்திக் காய்த்த விரல்கள் மகளின் விரல்களுக்குள் கோத்துக்கொண்டன.

"பாதுகாப்புக்காகத்தான் சொன்னேன்" என்றார் மூக்குக்கண்ணாடிக்காரர். இப்போதும் சிரித்த முகம்தான். "ஊமைன்னு சொன்னது தப்புன்னா வேற என்னன்னு சொல்றது? இருக்கறதைச் சொன்னா புகாரா? அவருக்கே ஒண்ணும் தோணலியே. தினமும் கும்பிடு போட்டவர்தானே இவர்!"

கறுப்புச் சட்டைக்காரர் ஒன்றையும் விடவில்லை. சிரிப்பைக்கூடச் சொன்னார். ஊமை என்றதற்கு உதட்டையும் இறுக்கிப் பிடித்தார். ரேடியோ அப்பாவின் முகத்தையே பார்த்தாள். அந்த வார்த்தை போய்ச் சேர்வதைப் பார்த்தாள். நரம்பு புடைத்தது. தாடை இறுகியது. அப்பாவுக்குக் கோபம் வந்தது. அவள் அதைத் தடுக்கவில்லை.

அப்பா கையை உயர்த்தினார். கறுப்புச் சட்டைக்காரர் அதைப் பார்த்து வாயால் சொன்னார்.

"நான் உங்களைக் கும்பிட்டது நன்றிக்கு. நீங்க நல்லவர்னு நினைச்சேன். அந்தக் கும்பிடு எல்லாத்தையும் இப்ப திருப்பி எடுத்துக்கறேன்."

ரேடியோ எப்போதும் 'அப்பா சொல்றார்' என்றுதான் ஆரம்பிப்பாள். இந்த மனிதர் 'நான்' என்கிறார். அப்பா பேசினால் ஆண்குரலில் பேசுவார் என்பதே அவளுக்கு இன்றுதான் உறைத்தது.

"கேட் இருக்கட்டும். கேட் என்னை ஒண்ணும் சொல்லல. கேஸ் கசிஞ்சா என்ன செய்வேன்னு கேட்டீங்களாம். எங்கிட்ட கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன். என்னைக் கேக்கவே இல்ல. என் எதிர்ல நின்னுக்கிட்டு என் பொண்ணைக் கேட்டீங்க. வீடு கேட்டது நான். என்னைப் பாத்துச் சொல்லுங்க, முடியும்னாலும் முடியாதுன்னாலும்."

மூக்குக்கண்ணாடிக்காரர் ரேடியோவைப் பார்த்தார். அவள் அம்மாவின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். கறுப்புச் சட்டைக்காரரைப் பார்த்தார். அவர் அப்பாவைக் காட்டினார். வேறு வழியில்லாமல் அப்பாவைப் பார்த்தார். பார்த்தபோது அந்தச் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

கொண்டை அம்மாள் சட்டம் என்ன சொல்கிறது என்பதை எடுத்துச் சொன்னார். காது கேட்காது என்பதற்காக வீட்டை மறுத்தது குற்றம். இவர்களுக்கு வேண்டுமென்றால் அதே வாடகைக்கு அந்த வீட்டைக் கொடுத்தாக வேண்டும். இல்லையென்றால் விஷயம் மேலே போகும். மூக்குக்கண்ணாடிக்காரர் கொஞ்ச நேரம் மேசையைப் பார்த்தார். "வந்து இருந்துக்கட்டும்" என்றார்.

"உங்களுக்கு அந்த வீடு வேணுமா?" என்று கொண்டை அம்மாள் கேட்டார்.

அப்பா அம்மாவைப் பார்த்தார். அதற்காக மட்டும் அம்மா மகளின் கையை விட்டாள்.

"எனக்கு வீட்டைப் பிடிச்சிருக்கு" என்றது அம்மாவின் குரலாக வந்த அந்த ஆண்குரல். "வீட்டுக்காரரைப் பிடிக்கணும்னு யாரும் சொல்லலியே. வர்றோம். மருமகளுக்குக் குழந்தை பொறந்தா வந்து பாப்பேன். அவ வேணாம்னு சொன்னா, அவளே எங்கிட்ட சொல்லட்டும்."

மச்சக்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

வெளியே வந்தபோது மழை தூறலாகிவிட்டிருந்தது. எதிரில் ஒரு தேநீர்க்கடை. மச்சக்காரி வேலைக்கு நேரமாகிவிட்டதென்று ஓடிவிட்டாள். மூவரும் கடைக்கூரையின் கீழே ஒதுங்கினார்கள். ரேடியோ மூன்று தேநீர் சொன்னாள்.

கடைக்காரர் பாலை ஆற்றிக்கொண்டே அப்பாவைப் பார்த்தார். கை அசைவதைப் பார்த்தார். பிறகு ரேடியோவிடம் திரும்பினார்.

"அவருக்கு சர்க்கரை எப்படிம்மா?"

"கம்மியா" என்று அவள் வாய் திறந்துவிட்டது. சொல்லி முடிக்கவில்லை. "இருங்க" என்றாள். திரும்பி அப்பாவின் தோளைத் தொட்டாள். "சர்க்கரை எப்படிப் போடணும்னு கேக்கறார்."

அப்பா ஆச்சரியத்தோடு அவளைப் பார்த்தார். கடைக்காரரைப் பார்த்தார். யோசித்தார். உண்மையாகவே யோசித்தார்.

"எனக்கு நிறையப் பிடிக்கும்" என்றார். "நீ சின்ன வயசுலேருந்து கம்மியாவே வாங்கித் தர்ற. கடைக்காரங்க எல்லாருமே கஞ்சப் பயலுங்கன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்."

அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

"என்னம்மா சொல்றார்?" என்றார் கடைக்காரர், கரண்டியோடு காத்துக்கொண்டு.

ரேடியோ கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு வார்த்தையும் மாற்றாமல் சொன்னாள்.